கடலுக்கு வந்த நோட்டீஸ்

நூறு வருஷத்துக்கு முந்தைய நாவல்.
நகரசபை ஒன்று கடலுக்கு வரி போடுகிறது.
அலைக்கு அரையணா.
அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கூடுதல் தீர்வை.
நோட்டீஸ் கொண்டுபோன டவாலி
பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து கேட்டு
கரையிலேயே நிற்கிறான்
பதினேழாம் அத்தியாயம் வரை.

நான்கு வருஷமாய் நடத்துகிறேன்.
'இங்கே சிரிப்பார்கள்' என்று
பென்சிலில் குறித்து வைத்த இடங்களில்
சிரித்தது நான் மட்டும்.

இந்த வருஷம் குழுவாகப் பிரித்தேன்.
(தர மதிப்பீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள்,
வட்டமாய் உட்கார்ந்த போட்டோ இரண்டு வேண்டுமாம்.)
தேவனாம்பட்டினத்துக் காற்றில்
ஜன்னல் கதவு அடித்துக்கொண்டிருந்த மூன்றாம் பிரிவேளை.
பெஞ்சு இழுபட்ட சத்தத்துக்குக்
கீழே வரலாற்றுத் துறை அண்ணாந்து பார்த்திருக்கும்.

முதல் குழு, வரி வசூல்.
இரண்டாவது, கடலின் வக்கீல்.
ஆசிரியர் முகத்தை இறுக்கிக்கொண்டு
பொய் சொல்லும் வரிகளை அடிக்கோடிடுவது மூன்றாவது.
நான்காவதுக்கு வேலை யோசிக்கவில்லை.
"நீங்க கேட்டுக்கிட்டு இருங்க" என்றேன்.

பண்ருட்டி பஸ்ஸில் வரும் புகழரசியும் அஸ்லமும்
ஐந்தே நிமிஷத்தில்
அபராதம், வட்டி, வட்டிக்கு வட்டி,
ஜப்தி செய்தால் உப்பு எத்தனை மூட்டை தேறும் என்பது வரை
கணக்கெழுதி முடித்திருந்தார்கள்.
அதிகாரம் இவ்வளவு லேசாய்க் கைக்கு வருமென்று
அவர்களுக்கே ஆச்சரியம்.

ஜெனிட்டா எழுந்தாள், துப்பட்டாவைக் கவுனாக்கி.
"என் கட்சிக்காரர் நேற்று இருந்த இடத்தில் இன்று இல்லை.
நிரந்தர முகவரி இல்லாதவருக்கு
நோட்டீஸே செல்லாது, கனம் கோர்ட்டார் அவர்களே."
வகுப்பு மேசையைத் தட்டியது.
இந்த வாதம் நாவலில் இல்லை.
ஓரமாய் எழுதிக்கொண்டேன்.

கேட்டுக்கொண்டிருக்கச் சொன்ன குழுவிலிருந்து
கைலாசவேல்.
தாழங்குடாக்காரன். வருகைப்பதிவுக்குத் தவிர
வாய் திறந்து நான் பார்த்ததில்லை.
"இதுல நையாண்டி எங்க மேடம் இருக்கு?
எங்க வீடு கடலுக்குள்ள போயி மூணு வருஷமாச்சு.
வீட்டு வரி வந்துகிட்டுதான் இருக்கு.
அப்பா கட்டிகிட்டுதான் இருக்காரு.
கட்டலன்னா
அந்த எடம் நம்மளுதுன்னு சொல்ல
வேற காயிதம் இல்லயாம்."

யாரும் மேசையைத் தட்டவில்லை.
ஜன்னல் மட்டும்.

அப்புறம் அவனேதான் ஆரம்பித்தான்,
"குடிநீர் வரின்னு தனியா வேற போடுறாங்க மேடம்."
சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஜெனிட்டா, பிறகு அஸ்லம், பிறகு பெஞ்சு பெஞ்சாக.
என் பென்சில் போகாத இடத்தில்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே புகழரசி கேட்டாள்:
"அந்த டவாலிக்கு, நின்ன நாளுக்கெல்லாம்
சம்பளம் போட்டாங்களா?"

புரட்டினேன்.
பதினெட்டாம் அத்தியாயத்தில் அவன் இல்லை.
கடைசிப் பக்கம் வரை இல்லை.
இத்தனை வருஷம் நடத்தியும்
நானும் அவனைக் கரையில் விட்டுவிட்டுத்தான்
வந்திருக்கிறேன்.
கௌரவ விரிவுரையாளருக்கு
ஏப்ரலிலிருந்து பாக்கி என்பதை
அவர்களிடம் சொல்லவில்லை.

மணி அடித்தது.
போட்டோ எடுக்க மறந்திருந்தோம்.
'கற்றல் விளைவு' என்ற கட்டத்துக்குள்
என்ன எழுதுவது என்று தெரியாமல்
தேதியை மட்டும் எழுதினேன்.
நான்காம் குழுவுக்கு வேலை கிடைத்தது:
டவாலியைக் கண்டுபிடித்து வரவேண்டும்.

மறுநாள் கைலாசவேல்
நான்காய் மடித்த ரசீதை நீட்டினான்.
கதவு எண், தெருப் பெயர், பெறப்பட்டது.
பாடம் முடியும்வரை
பதினேழாம் அத்தியாயத்தில் செருகி வைத்திருந்தேன்.
எல்லோரும் போன பிறகும்
கதவருகே நின்றான்.

"மேடம், அது ஒரிஜினல்.
அப்பா தேடுவாரு."