சேர்மக்கா

பெயர் கேட்டது. ஆங்கிலத்தில் சேர்மக்கனி என்று அடித்தேன்.
எட்டெழுத்தோடு கட்டம் முடிந்துவிட்டது.
அன்றிலிருந்து நோரா என்னைச்
சேர்மக்கா என்றுதான் கூப்பிடுகிறாள்,
கட்டிலிலும்.

லுசைல் குளிர்நீர் நிலையத்தில் இரவுப் பணி.
மணிக்கொரு தரம் எழுந்துபோய்
ஏழு சில்லர்களின் அழுத்தமும் வெப்பமும் குறிக்க வேண்டும்.
நடுவில் ஐம்பது நிமிடம் சும்மா.
ரோடெல் பென்டிரைவில் தந்த விளையாட்டு இது.
கதை போலவே ஓடும், திடீரென நின்று
மூன்று பதில்களைக் காட்டி ஒன்றைத் தொடச் சொல்லும்.
பெரியவர்களுக்கு மட்டும் என்று முகப்பில் எச்சரிக்கை.
பெண்கள் மூவர்: பேக்கரி நோரா,
படகு பழுதுபார்க்கும் லிவ்,
நாற்பதை நெருங்கும் கணக்காளர் ஈதா.

முதலில் நோரா.
மழை பிடிக்குமா என்றாள். பிடிக்கும் என்றேன்.
திரையோரத்தில் ஓர் இதயம் நிரம்பியது.
மறுநாள் காதல், அதற்கு மறுநாள் கட்டில்.
நான் நம்பவில்லை.
அந்த அறையில் யாருக்கும் முழங்கையே இல்லை,
யார் தலைமுடியும் யார் கைக்கடியிலும் சிக்கவில்லை.
மழை பிடிக்கும் என்றவனையெல்லாம் காதலிப்பதென்றால்
கத்தாரில் இருபது லட்சம் பேர் தேறுவோம்.

லிவ்வுக்குச் சண்டை வைத்திருந்தார்கள்.
தப்பான பதிலைத் தொட்டால் கதவைச் சாத்துவாள்,
சரியானதைத் தொட்டால் அழுவாள்.
அழுகையை நன்றாகவே எழுதியிருந்தான் எவனோ.
ஆனால் அழுகைக்கு நடுவே
அப்பா விட்டுப்போன உப்பேறிய கயிற்றைப் பற்றிச் சொன்னாளே,
அதை நோராவும் சொன்னாள்,
சொல் மாறாமல்.
எழுதினவனுக்குச் சம்பளம் பாக்கியோ என்னவோ.

ஈதாவின் பாதையில் மூன்று வாரம் எதுவுமே நடக்காது.
ரசீதுகள் சரிபார்ப்போம்.
அவள் கண்ணாடியைத் துடைப்பாள்.
நான் எழுந்துபோய் ஐந்தரை டிகிரி என்று குறித்துவிட்டு வருவேன்,
அவள் இன்னும் துடைத்துக்கொண்டிருப்பாள்.
இருபத்திரண்டாம் நாள் தலை நிமிராமல்
அந்தக் கயிற்றைச் சொன்னாள்.
அதே கயிறு, அதே உப்பு.
இதை யாரிடமும் சொன்னதில்லை என்றாள்.
எனக்கு விரல் ஓடவில்லை.
இருவர் சொல்லிக் கேட்டவன் நான்,
அவளோ முதல்முறையாகச் சொல்கிறாள்.

காதல் அவளுக்குள் வளர்ந்ததா என்று கேட்டால், தெரியாது.
எனக்குள் வளர்ந்தது.
விட்டுவந்த இரண்டு பெண்களின் மிச்சத்தையும்
நான்தானே சுமந்து வந்திருக்கிறேன்.
எதிர்க்கடையில் நோரா ரொட்டி அடுக்குகிறாள்,
நான் யாரென்றே தெரியாமல்.
அன்றிரவு விளக்கணைத்த பிறகு ஈதா
கதவைப் பூட்டினாயா என்று கேட்டாள்.
அந்த ஒரு வரிக்காகத்தான் நம்பினேன்.

ரோடெலிடம் சொன்னேன்.
தாண்டிப்போக ஒரு பொத்தான் உண்டே, பார்க்கவில்லையா என்றான்.

என் கல்யாணம் பதினோரு நாளில் முடிந்தது.
பார்த்தது ஒரு நாள், பத்திரிகை அடித்தது ஒரு நாள்,
மிச்ச நாளெல்லாம் பந்தல்காரனோடு பேரம்.
விளையாட்டில் வந்திருந்தால்
முதல் ஆளாய் நான்தான் சிரித்திருப்பேன்.
மூன்றாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை,
கிணற்று மோட்டார் இரைவதைக் கேளுங்கள் என்று
இசக்கித்தாய் போனைக் கீழே வைத்தாள்.
வைத்ததை மறந்துபோனாள்.
பதினேழு நிமிடம் கேட்டேன்:
மோட்டார், அவள் செருப்பு, ஒரு கோழியை அவள் வைத வசவு,
யாருமில்லை என்று நினைத்து
அவள் விட்ட நீண்ட கொட்டாவி.
நான் துண்டிக்கவில்லை.
எந்த இதயமும் நிரம்பிக் காட்டவில்லை.

இன்று மூன்றரை மணிக் குறிப்பு எடுத்துத் திரும்பினால்
அவளிடமிருந்து செய்தி.
மோட்டார் சுத்தமா போச்சு.
அரை எச்பி வாங்கவா, ஒண்ணா?
விடிஞ்சதும் கடைக்குப் போவணும்.

இரண்டே பதில்.
நாலரை ஆகப்போகிறது,
இன்னும் தொடவில்லை.