மூன்று மேசை தூரம்

மேடையில் நேற்றைய கல்யாணம் இன்னும் இறங்கவில்லை.
தெர்மகோலில் அஜின், ஒரு இதயம், பெனிட்டா.
அதன் கீழே பதினெட்டு மேசை, பச்சைத் துணி,
பிளக் பாயிண்டுக்கு அடிபிடி.

களியக்காவிளை. வெளியே
கேரள பஸ் பின்னால் எடுக்கும்போதெல்லாம்
கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளி லேசாக நடுங்குகிறது.

தேங்காப்பட்டணம் துறைமுகத்தில்
மீன் ஏலத்துக்குக் கணக்கெழுதுகிறவள் நான்.
கூவுகிற வாயையும்
வாங்காத மாதிரி நிற்கிற முதுகையும்
வருஷக் கணக்காகப் பார்த்தாயிற்று.
தேறிவிட்டேன் என்றுதான் நினைப்பு.

முதல் கச்சவடம் தாணுலிங்கம் மேசையில்.
திருவிதாங்கூர் அரை ரூபாய்,
கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு.
நடுவே சங்கு.
பழுப்பு உறையில் என் பென்சில்:
வாங்கிய தேதி, எடை,
கீறல், சங்கின் வாய்ப்பக்கம்.

அவர் உறையைப் புரட்டவில்லை.
லென்ஸைத் துடைத்தார், பார்த்தார்,
மறுபடி துடைத்தார்.
"ஆயிரத்து நூறு. ரோஸ்லெட்டுக்காக."
யாருக்காகவும் எதையும் கூட்டித் தருகிறவரில்லை.
நான் வாய் திறக்கவில்லை.
எழுதித்தானே இருக்கிறது.

அந்தப் பணம் என்னிடம் இருந்தது
கால் மணி நேரம்.

பாறசாலை வாசுகுட்டன் துணியைப் பிரித்து
ஒரு பலகையை எடுத்தார்.
சக்கரப் பலகை. கறுத்துப்போன பலா மரம்,
நூறு குழி, குழிக்கு ஒரு பயறு படுக்கலாம்.
கஜானாக்காரன் காசை அள்ளி இதன்மேல் கொட்டுவானாம்,
ஒரு குலுக்கு, ஒரு வழிப்பு,
நூறு எண்ணி முடிந்தது.
பயறு கொட்டிச் செய்தும் காட்டினார்.
துள்ளியதில் பாதி
அடுத்த மேசை அணாக்களுக்குள் போய் விழ,
அங்கே ஒரு சண்டை.
அந்தச் சண்டையில் இருநூறு குறைந்தது.
ஆயிரத்து நூறுக்கு வாங்கிவிட்டேன்.

என்னிடம் இருக்கும் வெள்ளிச் சக்கரம் ஏழு.

பிரியாணிக் கூப்பன் தீர்ந்த பிறகு
கூட்டம் மெலிந்தது. மின்விசிறிக்குக் கீழே
ஒருவர் நோட்டுகள் மேல் கூழாங்கல் வைத்துவிட்டுத்
தூங்கினார்.
நான் சும்மாதான் சுற்றினேன்.

மூன்றாவது மேசை. விக்ரமன், நெய்யாற்றின்கரை.
சங்கு என்னைப் பார்த்தது.
அதே உறை. என் எழுத்து.
தேதி இருக்கிறது, எடை இருக்கிறது,
கீழே ஒரு வரி மட்டும் ரப்பர் போட்டு அழித்து
காகிதம் பஞ்சாய் எழும்பியிருக்கிறது.
சாய்த்துப் பிடித்தால்
"கீ" மட்டும் இன்னும் தெரியும்.
விலை இரண்டாயிரத்து எண்ணூறு.

எனக்கும் அதற்கும் நடுவே ஒருவர் வந்து நின்றார்.
துபாயிலிருந்து லீவில் வந்தவராம்.
தங்க ஃபிரேம் கண்ணாடி, அழகான நகங்கள்.
"போறல் வல்லதும் உண்டோ?"
"ஒரு வரபோலும் இல்லா, சாரே."
அவர் என் பக்கம் திரும்பினார், தமிழில் கேட்டார்:
"நல்ல காசுதானே?"

ஏலத்தில் இப்படி ஒரு நொடி வரும்.
வாளைமீன் செவுள் வெளுத்திருப்பது
எனக்குத் தெரியும், கூவுகிறவனுக்குத் தெரியும்,
பணத்தை எடுக்கிறவனுக்குத் தெரியாது.
அங்கே நான் பேனாவோடு குனிந்துகொள்வேன்.
இங்கே என்னிடம் பேனா இல்லை.

"வெளிச்சத்தில சாய்ச்சுப் பாருங்க" என்றேன்.
காசையா உறையையா, சொல்லவில்லை.

அவர் காசைச் சாய்த்தார். ரசித்தார்.
இரண்டாயிரத்து அறுநூறுக்கு முடிந்தது.
விக்ரமன் அதைப் புது பிளாஸ்டிக்கில் இட்டு,
உறையைக் கசக்கி மேசைக்கடியில் போட்டு,
என்னைப் பார்த்து
ஒரு பல் மட்டும் தெரியச் சிரித்தார்.

குனிந்து எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

மினி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
மடியில் பலகை. கண்டக்டர் தந்த மிச்சம்
ஒரு இரண்டு ரூபாய்.
பழக்கத்தில் வருஷத்துக்குக் கீழே பார்க்கிறேன்,
நட்சத்திரம், ஐதராபாத்.
ஒரு குழியில் வைத்துப் பார்க்கிறேன்.
உள்ளே இறங்காமல்
நாலு குழியை மூடிக்கொண்டு
புதுக்கடை வரைக்கும் ஆடிக்கொண்டே வருகிறது.