சேருமிடம்

ஜூன் முப்பது. இண்டியானாபொலிஸில்
மாலை ஆறு மணிக்குச் சந்தை திறக்கிறது.
கைப்பேசியைச் சமையலறை மேடையில்
குப்புறப் போட்டிருக்கிறேன்.
இந்தச் சந்தைக்கு நான் வாங்க வந்தவனில்லை.

ஆறு அடித்து ஒரு நிமிடம்:
ட்ரெமெய்னுக்கு நாலு வருஷம், நூற்று நாற்பது மில்லியன்.
நல்ல பையன். கை சுத்தம்.
அவன் எறிவதற்கென்று நான் அசையாமல் நிற்பேன்.
துரத்தி வருபவனின் தோள் என் விலாவில் இறங்கும்.
கூடைக்குள் விழுந்தது அவன் கணக்கில் ஏறும்,
விலா என் கணக்கில்.

என்னைப் பற்றிய காகிதத்தில் இருப்பது இவ்வளவுதான்:
வயது முப்பத்திரண்டு.
மூலையிலிருந்து எறிந்தால் நூற்றுக்கு முப்பத்தெட்டு.
இடது முழங்கால், கண்காணிக்கவும்.
கடைசியில் ஒரு வரி, ‘உடைமாற்றும் அறைக்கு நல்லவர்.’
இறக்காமல் உட்கார வைத்தாலும்
முகம் சுளிக்க மாட்டான் என்று பொருள்.
முழு உப்புக்குச் சப்பாணியும் இல்லை,
இரவுக்குப் பதினாலு நிமிடம் எனக்கும் உண்டு.

ஏழரைக்கு கஸ்லோவ் அழைத்தான்.
“பொறு. பெரிய மீன்கள் போகட்டும்.”
பதினோரு வருஷமாக
ஒவ்வொரு கோடையிலும் இதே மீன்கள்.
இஸ்தான்புல் கேட்கிறதாம்; வீடு தருவார்களாம், காரும்.
ஷான்ட்ரெல் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே
“கார்” என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் பெயர் சுதந்திர ஆட்டக்காரர்.
வாடகை ஒப்பந்தம் பதினைந்தாம் தேதி முடிகிறது.
சாமான் ஏற்றுகிறவர்களின் படிவம்
திரையில் சிவப்பாக நிற்கிறது:
சேருமிடம். கட்டாயம் நிரப்பவும்.

வெளியே போனேன்.
முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன வளையம்,
வலையில் பாதி இல்லை.
என் மூலை பக்கத்து வீட்டுச் செடிகளுக்குள் வருகிறது.
செடிக்குள் நின்றே எறிந்தேன்.
பத்தில் ஏழு.
யாரும் எண்ணவில்லை, நான் எண்ணினேன்.

பதினொன்றே முக்காலுக்குச் சாக்ரமென்டோ.
ஒரு வருஷம், குறைந்தபட்சக் கூலி.
ஜனவரி பத்துக்குள் அனுப்பிவிட்டால்
மிச்சப் பணம் அவர்களுடையது.
“சரி” என்றேன்.
யோசிப்பதுபோல் கொஞ்சம் இழுத்துச் சொல்லியிருக்கலாம்.

ஷான்ட்ரெல் மூன்று தட்டு, மூன்று கரண்டியை
வெளியே எடுத்துவைத்துவிட்டு
மற்றதைச் செய்தித்தாளில் சுற்றத் தொடங்கினாள்.

ஒடெஸா தூங்கவில்லை.
ஒன்பது வயது. நாலு பள்ளிகளில்
தீப்பிடித்தால் எந்தக் கதவு என்று அவளுக்குத் தெரியும்.
படியில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டாள்:
“அங்கே பனி விழுமா?”
“இல்லை.”

காலையில் ஒரு கரகர சத்தம்.
எட்டிப் பார்த்தேன்.
ஜூலை வெயிலில், காய்ந்த தார்மேல்
தன் சறுக்கு வண்டியைக் கயிற்றால் இழுத்துப்போய்
பக்கத்து வீட்டு வாசலில் சாய்த்துவைக்கிறாள்.
மணி அடிக்கவில்லை.
திரும்பி வரும்போது
கயிற்றை மட்டும் அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு வந்தாள்.