இன்னொரு வெயில்

ஐந்து பேருக்குப் போட்ட மேசையில் ஏழு பேர்.
த்ராவா நதிக்கரை, வெள்ளி இரவு.
முழங்கைகளை முறை வைத்து அசைத்தோம்.
பக்கத்து மேசையில் இரவல் வாங்கிய நாற்காலி
ஒரு கால் குட்டை.
யெர்னெயா அதில் உட்கார்ந்து சொன்ன
விவாகரத்துக் கதையும் கூடவே ஆடியது.

எனக்குக் கையைக் கட்டிப்போட்டால் பேச்சு வராது.
பேருந்து நிலையத்துக்குள் வாத்து புகுந்த கதையை
வாத்தின் அகலத்தோடு சொல்லப்போய்
பீன்ஸ் சாலட் கவிழ்ந்தது.
பூசணி விதை எண்ணெய்:
ஊற்றும்போது பச்சை, தேங்கினால் கறுப்பு,
துணியில் பட்டால் ஜென்மப் பகை.
வின்கோவின் வெள்ளைச் சட்டையில்
பையில் தொடங்கி மூன்றாம் பொத்தான்வரை.

மேசை வாயடைத்துப் போயிற்று.
அவர் குனிந்து பார்த்தார்.
ரொட்டித் துண்டால் சட்டையை ஒற்றி
அதை வாயில் போட்டுக்கொண்டார்.
"உப்பு பத்தலை" என்றார்.

பிறகு கணக்கைப் பிரிக்க முக்கால் மணி நேரம்.
யாரோ குடித்த ஒயினுக்கு மிரான் பணம் கொடுத்தான்.
எப்போதும் அவன்தான், பாவம்.
பேருந்து நிறுத்தத்தில்
மேல்கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு
சட்டையைச் சுருட்டி என் கையில் வைத்தார் வின்கோ.
ஏப்ரல் குளிர். துணியில் மட்டும் ஆள் சூடு.

சோப்புக்கு மசியாத கறை அது,
வெயிலுக்கு மசியும்.
மரிபோரில் பால்பல் விழாத பிள்ளைக்கும் தெரியும்.
ஆனால் சனிக்கிழமை வெயில் இல்லை.
சட்டை நாற்காலி முதுகில் காத்திருக்க
நான் மாவு இழுத்தேன்,
மேசைத்துணியின் சிவப்புக் கட்டங்கள்
அடியில் தெரியும்வரை.
மேலே தயிர்க்கட்டி, முட்டை, கைநிறைய டாரகன் தழை.
சுருட்டி, துணியில் கட்டி, கொதிநீரில் இறக்கியதில்
நான்கில் ஒன்று வாய் பிளந்தது.
பிளந்ததைத்தான் மிரானின் மகள் கேட்டு வாங்கினாள்.
மதியம் இரண்டுக்கு வந்தவர்கள்
எட்டுக்குப் போனார்கள்.
போகும்போது
"யார் சட்டை அது?" என்று யெர்னெயா கேட்கவில்லை.
கேட்காததை எல்லாருக்கும் கேட்கும்படி கேட்கவில்லை.

ஞாயிறு.
ஒருவழியாக வெயில்.
நகராட்சி வாடகைக்கு விட்ட தோட்டத்துண்டு,
நாலு எட்டு அகலம், ஒன்பது எட்டு நீளம்.
அவரைக் கொடிக்கு நட்ட கம்புகளுக்கிடையே
சட்டையை மாட்டினேன், கறை தெற்கு பார்க்க.
வெங்காயம் ஊன்றினேன். முள்ளங்கியைக் களைந்தேன்.
நத்தைகளுக்குத் தட்டில் பீர் வைத்தேன்;
நேற்று மிச்சமானது,
அவையும் விருந்தாளிகள்தானே.
தக்காளி நாற்றுகள் இன்னும் வீட்டு ஜன்னலில்.
மே நடுவில் பனிப் புனிதர்கள் போகட்டும்,
அவசரப்பட்டு ஒருமுறை பட்டது போதும்.

வேலிக்கு அப்பால் இருந்து ஃபேரி:
"புதுச் சோளக்கொல்லைப் பொம்மையா?
மாசச் சம்பளம் எவ்வளவு?"
"சாப்பாடு மட்டும்" என்றேன்.

ஒரு மணிக்குக் கறை ஓர் இலை.
இரண்டுக்கு, இலையின் நிழல்.
மூன்றுக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன்,
உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
சும்மா ஒரு வெள்ளைச் சட்டை,
காற்று புகுந்து கையைத் தூக்கியது.

தொலைபேசியில் அவர்: "போயிடுச்சா?"

முள்ளங்கி ஒன்றைத் துடைத்துக் கடித்தேன்.
காரம்.
"கொஞ்சம் இருக்கு.
இன்னொரு வெயில் வேணும்."

"வாரம் முழுக்க மழைன்னாங்களே."

"ஆமாம், நானும் கேட்டேன்."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம்.
பிறகு,
"அப்ப வியாழக்கிழமை வேற சட்டையில வரேன்.
கறுப்பு."

மடிக்கும்போதுதான் பார்த்தேன்.
காலரில் என் கட்டைவிரல்,
ரேகை ரேகையாக, ஈரமண்.
பொய் சொன்ன வாய் மூடுவதற்குள்
மெய்யாகிவிட்டது.
இதற்கு வெயில் பத்தாது.
சோப்பு வாங்க வேண்டும்.