எழுத்துக்கு மூன்று சென்ட்

என் கணவர் கல்லில் வெட்டுவார்,
நான் கணக்கு எழுதுவேன்.
எழுத்துக்கு மூன்று சென்ட்.
தேவதைத் தலை ஒன்றரை டாலர்,
சிறகும் வேண்டுமென்றால் தனி.

நராகான்செட் விரிகுடாவில் பனிக்கட்டி உடைந்துகொண்டிருந்த
ஒரு மார்ச் காலை,
பெலெக் ஆஷ்கோமின் பிள்ளைகள் இருவரும்
ஒரு நீளத் தாளோடு வந்தார்கள்.
நீதிபதி. மாநில அவையில் நான்கு முறை.
போர்க்காலத்தில் படைக்கு மாவு அனுப்பியவர்.
மாவில் புழு நெளிந்தது ஊருக்கே தெரியும்,
தாளுக்குத் தெரியவில்லை.
அன்புக் கணவர். அருமைத் தந்தை.
மனிதகுல விடுதலையின் நண்பர்.

எண்ணினேன்: நானூற்றுப் பன்னிரண்டு எழுத்து.
பன்னிரண்டு டாலர் முப்பத்தாறு சென்ட், என்றேன்.
மூத்தவர் தாட்சர் தொப்பியைக் கழற்றினார்.
இளையவர் பென்சில் கேட்டார்.

அன்புக் கணவர்தான் முதலில் போனார்.
பிறகு மாவு.
அருமைத் தந்தையில் 'அருமை' போய்,
கொஞ்ச நேரம் வெறும் தந்தையாக நின்று,
அவரும் போனார்.
கடைசி வரிக்குப் பென்சில் வந்தபோது
மூத்தவர் கையைப் பிடித்தார்:
"மே மாதம் நான் தேர்தலில் நிற்கிறேன்."

அந்தக் கிழவரை எனக்குத் தெரியும்.
மனைவிக்குக் கல் சொல்ல வந்த அன்று
பாதி செதுக்கிய பலகைமேல் உட்கார்ந்து
வால்நட் உடைத்துத் தின்றார்.
காலுறையில் மூன்று இடத்தில் தையல்.
"கல்லில் பிழை வந்தால் என்ன செய்வாய்?"
என்று கணவரைக் கேட்டார்.
மணலும் தண்ணீரும் போட்டு
முகம் முழுவதையும் தேய்க்க வேண்டும், ஐயா.
இரண்டு நாள் ஆகும்.
கல்லும் மெலிந்துவிடும்.
"தாளில் ஒரே ஒரு கோடு," என்றார் அவர்.
சிரிக்கவில்லை.
ஓடுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

எந்தக் கோடு என்று பின்னால்தான் காதில் விழுந்தது.
அவர் எழுதிய வரைவில் 'எல்லோரும்' என்று இருந்ததாம்.
அவையில் ஏழு வாக்கு குறைந்தது.
அன்று ராத்திரி விடுதியில், மெழுகுவர்த்தி முன்னால்,
அதை அடித்துவிட்டு
'இனிப் பிறப்பவர்' என்று எழுதினாராம்.
பக்கத்தில் விளக்குத்திரி கத்தரித்து நின்றவள் மெரிபா.
ஏற்கெனவே பிறந்துவிட்டவள்.

பிள்ளைகள் வந்த அன்றும்
வெளியே குதிரையைப் பிடித்துக்கொண்டு அவள்தான் நின்றாள்.
சாயங்காலம் தனியாக வந்தாள்,
துணி முடிச்சில் முட்டை விற்ற காசு.
"கடைசி வரி எவ்வளவு?"
இருபத்தேழு எழுத்து, எண்பத்தொரு சென்ட்.
"அதை வெட்டாமல் விட எவ்வளவு?"

அதற்கு என் கணக்கில் பத்தி கிடையாது.
உளிச் சத்தம் நின்றது.
உயிலில் தான் எங்கே இருக்கிறேன் என்று சொன்னாள்:
கடிகாரத்துக்குக் கீழே,
கன்றீனாத பசுவுக்கு மேலே.
அழவில்லை. விலை பேசத்தான் வந்திருந்தாள்.
மேசைமேல் காசை எண்ணி வைத்தாள்,
எண்பத்தொன்று. ஒன்று தேய்ந்த காசு,
அதை மாற்றி வேறு வைத்தாள்.

ஏப்ரலில் கல் ஏறியது.
எல்லா வரியும் இருந்தன, அந்த வரியும்.
தாட்சர் ஆஷ்கோம் விரலால் தடவிப் பார்த்து
முழுப் பணமும் கொடுத்தார்.
அந்த ஒரு வரிக்கு மட்டும்
என் கணவர் உளியை மாற்றியிருந்தார்.
நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பதினாறு வருஷக் கடல்காற்று.
நீதிபதி இன்னும் கூர்மையாக இருக்கிறார்,
நான்கு முறையும் அப்படியே.
கீழே, பாசி படிந்த இடத்தில்,
சாய்வெயில் விழுந்தால் ஒரு கீறல் தெரிகிறது,
படிக்க வராது.
மெரிபா எந்த ஊரில் விற்கப்பட்டாள்,
விற்கப்பட்டாளா என்பதுகூட, எனக்குத் தெரியாது.

கணக்குப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது.
மார்ச் பதினொன்று: எண்பத்தொரு சென்ட் வரவு.
யாரிடமிருந்து என்ற இடம் காலி.
அதே வரிக்கு
ஏப்ரலில் இன்னொரு எண்பத்தொன்று.
இரண்டையும் நான்தான் வாங்கினேன்.