கூட்டல் பிழை

மாவட்ட லீக்குக்கு நூறு வயது தாண்டிவிட்டது.
மொத்த ஆயுளும் பதினான்கு அட்டைப்பெட்டிகளில்
ஹோல்டர்பாக் பியர்க்கடையின் பின்னறையில் கிடக்கிறது,
உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில்.
ஈரம். எலிப்புழுக்கை. 1958இன் வெள்ளிக்கோப்பை,
அதற்குள் யாரோ அணைத்துப் போட்ட சிகரெட்டுகள்.

எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற வேண்டுமாம்.
முழங்கால் தேய்ந்த நடுவர் ஒருத்திக்கு
ஞாயிறுகளில் வேறென்ன வேலை என்று
என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஏற்றுகிறேன்.
1911: எட்டு அணிகள். மேய்ச்சல் நிலத்தில் ஆடிய அணியொன்று
சாணியில் வழுக்கிய கோல்கீப்பருக்காக
மறு ஆட்டம் கேட்கிறது.
1926: ஒரே ஒரு த்ரோவை எதிர்த்து
நீடர்ஷ்டைனாவ் எழுதிய புகார். நான்கு பக்கம்,
இரண்டு சாட்சிகள், ஒரு வரைபடம்.
1929: பந்து உறைந்து கல்லாகிவிட்டது.
கடைக்காரி சூப் சட்டி ஆவியில் காட்டி இளக்கினாள்;
இரண்டாம் பாதி முழுக்க வெங்காய வாசம்.

எல்லாம் ஒரே கை: செயலாளர் ஓட்மார் டீஃபன்பாக்.
முத்து முத்தான எழுத்து.
கையெழுத்து அழகானால் தலையெழுத்து கோணல் என்பார்கள்.
யாருடைய தலையெழுத்து என்று சொன்னதில்லை.

1932–33. கணினி சிவப்பு காட்டுகிறது.
ஹோல்டர்பாக் அடித்தவை நாற்பத்தொன்று.
அடித்தவர்களைக் கூட்டினால் இருபத்திரண்டு.
திரும்பக் கூட்டினேன். விரல் விட்டும் எண்ணினேன்.
பத்தொன்பது முறை வலை அசைந்திருக்கிறது,
அசைத்த காலைக் காணோம்.

தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
கோலடித்தோர் பட்டியலின் முதல் வரிமேல்
அடிமட்டம் வைத்து இழுத்த கோடு.
கை நடுங்கவில்லை. மை சிந்தவில்லை.
கோட்டின் அடியில்: லோவன்ஹெர்ட்ஸ், எர்வின்.
மாட்டு வியாபாரி மகன். ஆதரவாளர்கள் பெயர்ச்சீட்டில்
அப்பா பெயரும் இருக்கிறது, ஆண்டுக்குப் பத்து மார்க்.
தேதி, ஏப்ரல் இருபத்தாறு. காரணம் என்ற கட்டம் காலி.

கீழே இருந்தவர்களின் எண்கள் திருத்தியிருக்கின்றன:
இரண்டு ஒன்றாக, மூன்று இரண்டாக.
ஒவ்வொருவனும் ஒரு படி ஏறியிருக்கிறான்.
அணியின் நாற்பத்தொன்றைத் தொடவில்லை.
தொட்டிருந்தால் புள்ளிகள் போயிருக்கும்.
ஆள் வேண்டாம். கோல்கள் வேண்டியிருந்தன.

புகார்க் கோப்பைத் தேடினேன்.
த்ரோவுக்கு நான்கு பக்கம் எழுதிய ஊர்கள்.
அந்த வசந்தத்தில் ஒரு தாள்கூட இல்லை.

பிறகு ஓட்டைகள். 1944க்குப் பெட்டியில் காற்றுதான்.
1946இல் பழைய ரசீதுகளின் பின்புறத்தில் லீக் மறுபடி பிறக்கிறது.
கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் பாதிப்பேர்,
இரவல் பூட்ஸ், ஜெயித்தவர்க்கு ஒரு மூட்டை கரி.
அதே முத்து எழுத்தில் முதல் சுற்றறிக்கை:
விளையாட்டுக்கு அரசியல் தெரியாது.
அவர் ஓய்வு பெற்றபோது கோப்பைக்கு அவர் பெயரை வைத்தார்கள்.
சிகரெட்டைப் போட்டது யார் என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கப்போவதில்லை.

1974: கண்ணாடிப் பட்டறைத் துருக்கியர்கள்,
பதினொரு பெயரும் பிழையாக.
1995: வெற்றிக்கு இனி மூன்று புள்ளி;
தோல்விக்கு விலை ஏறவில்லை.
இப்போது ஆள் போதாமல் ஹோல்டர்பாக்கும் நீடர்ஷ்டைனாவும்
ஒரே சட்டையில் ஓடுகின்றன,
உடைமாற்றும் அறையில் மட்டும் தனித்தனி பெஞ்சு.

இன்று மாலை பத்தொன்பதையும் அவன் பேரில் போட்டேன்.
சிவப்பு பச்சையானது.
அடுத்த கட்டம் கேட்கிறது, விலகிய காரணம்:
ஓய்வு, காயம், இடமாற்றம், மற்றவை.
அவன் எங்கே போனான் என்று
பதினான்கு பெட்டிகளுக்கும் தெரியாது.

கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டே
"இன்னும் முடியலையா?" என்கிறார்.
கூட்டல் முடிந்தது, என்றேன்.