புல எண் 217/3பி

ஓசூர் மாநகராட்சியின் வரைவுப் படத்தில்
எங்கள் வீடு ஒரு ராகி மணி.
குடியிருப்புக்கு மஞ்சள், தொழிலுக்கு ஊதா.
இரண்டும் முட்டிக்கொள்ளும் கோடு
எங்கள் சமையற்கட்டின் குறுக்கே போகிறது.

"அடுப்பு மஞ்சள்ல வருதும்மா,
சிங்க் ஊதாவுல"
என்றார் வரைவாளர் சென்னவீரப்பா.
சிரிக்கவில்லை.

மாவு மில் மோட்டார் ஏழரை எச்.பி.
மஞ்சளில் ஐந்துக்கு மேல் ஓடக்கூடாதாம்.
"ஏழரை நம்மள எப்ப விட்டுச்சு" என்றார் இவர்.
நாலு ஆள் பிடித்து
மோட்டாரை ஊதாவுக்கு நகர்த்தினோம்.
படுக்கையறையில் பாதியை அது எடுத்துக்கொண்டது.

இப்போது ராகி சட்டப்படி அரைபடுகிறது.
ஊதாவில் ஆள் தங்கக்கூடாது என்பதால்
மூன்றாம் ஷிஃப்ட் முடித்து வந்தவர்
பகல் பதினொரு மணிக்கு,
அந்தச் சத்தத்திலேயே,
விதிமீறித் தூங்குகிறார்.

ஆட்சேபணைக்கு அறுபது நாள்.
ஐம்பத்தெட்டாம் நாள் எழுதினேன்:
ஐயா, கோட்டைத் தள்ளிப் போட வேண்டாம்,
போட்டால் பக்கத்து வீட்டு மும்தாஜின் அடுப்பில் விழும்.
அது எவ்வளவு தடிமன்
என்று மட்டும் தெரிவிக்கவும்.

சென்னவீரப்பா பென்சிலைக் காதில் செருகி
கால்குலேட்டரைத் தட்டினார்.
கால் மில்லிமீட்டர்.
ஒன்றுக்கு ஐயாயிரம்.
தரையில் நாலடி.

நாலடி.
மஞ்சளுமில்லை, ஊதாவுமில்லை.
ஒரு கட்டில் போடலாம்.

ரசீதை மடித்து
மாவு படிந்த பர்ஸில் வைத்துக்கொண்டு
தளி ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றேன்.
மில்லில் கூடைகள் வரிசையில் இருக்கும்,
எந்த நிறத்தில் என்று
பார்த்து வைக்கச் சொல்லவில்லை.